பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிப்பது எப்படி: குமரி மாவட்ட மாணவர்களுக்கும் பெற்றோருக்கும்

தமிழ்நாட்டில் பி.இ., பி.டெக். படிப்புகளுக்கான அரசு ஒதுக்கீட்டு இடங்கள் அனைத்தும், அவை அரசுக் கல்லூரியில் இருந்தாலும் சுயநிதிக் கல்லூரியில் இருந்தாலும், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வின் வழியாகவே நிரப்பப்படுகின்றன. நுழைவுத் தேர்வு 2007-08 கல்வியாண்டு முதல் கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றே அடிப்படை. முன்பெல்லாம் நாகர்கோவிலிலிருந்து இரவு ரயிலேறிச் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்குச் சென்று, திரையில் காலியிடங்களைப் பார்த்துச் சில நிமிடங்களில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. 2018 முதல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறிவிட்டது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் அதை நடத்துகிறது. பயணம் மிச்சமானது உண்மைதான். ஆனால் முன்பு அதிகாரிகள் எதிரே அமர்ந்து சொல்லித் தந்தவற்றையெல்லாம் இப்போது மாணவரே படித்துப் புரிந்துகொண்டு செய்ய வேண்டியிருக்கிறது.

நல்ல மதிப்பெண் இருந்தும் தகுந்த இடம் கைநழுவிப் போவதற்கு நான் காணும் காரணங்கள் இரண்டு. ஒன்று, சான்றிதழ்கள் உரிய நேரத்தில் கையில் இல்லாதது. மற்றொன்று, விருப்பப் பட்டியலை அவசரத்தில், யாரோ சொன்னதைக் கேட்டு நிரப்புவது. ஆகவே இந்த வழிகாட்டியில் அவ்விரண்டையும் விரிவாகச் சொல்லி, மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சான்றிதழ்கள்: தேர்வு முடிந்த உடனே

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வழக்கமாக மே மாதத்தில் வெளியாகின்றன. விண்ணப்பப் பதிவும் அதையொட்டியே தொடங்கி ஜூன் மாதத்தில் முடிகிறது. மே மாதத்தில் இ-சேவை மையங்களில் கூட்டம் நெருக்கும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என ஒவ்வொரு படியிலும் விண்ணப்பங்கள் தேங்கும். ஆகவே தேர்வு முடிந்த வாரத்திலேயே, அதாவது மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ, சான்றிதழ் வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு (பொதுத்தேர்வு எழுதியிருந்தால்), பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்களும் பள்ளி தரும் மாற்றுச் சான்றிதழும் எல்லோருக்கும் பொதுவானவை. அவற்றோடு சாதிச் சான்றிதழ் வேண்டும். பழைய அட்டை வடிவச் சான்றிதழ் வைத்திருப்பவர்களும் இ-சேவை மையத்தில் மின் கையொப்பமிட்ட சான்றிதழைப் பெற்றுக்கொள்வது நல்லது. பழங்குடியினருக்கான சான்றிதழை வட்டாட்சியர் தர இயலாது, கோட்ட அளவிலான அலுவலரே தர வேண்டும். பேச்சிப்பாறைப் பகுதியின் காணிக்காரர் குடும்பங்கள் இதற்காகப் பத்மநாபபுரம் சார் ஆட்சியர் அலுவலகத்தை நாட வேண்டியிருக்கும்; விசாரணைக்குக் கூடுதல் காலம் பிடிக்கும் என்பதால் இவர்கள் தேர்வுக்கு முன்பே விண்ணப்பிப்பது பாதுகாப்பானது.

குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைந்தது. அதனால் சாதிப் பட்டியலில் சில பெயர்களுக்கு அருகே ‘கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும்’ என்ற தனிக் குறிப்பு இன்றும் இருக்கிறது. பிற மாவட்டத்தில் வாழும் உறவினரின் சான்றிதழைப் பார்த்து உங்கள் பிரிவை முடிவு செய்யாதீர்கள். அதுபோல, பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவத்துக்கு மாறிய குடும்பங்களின் பிள்ளைகள் எத்தனையாவது தலைமுறையாக இருந்தாலும் இட ஒதுக்கீட்டில் பொதுவாகப் பிற்படுத்தப்பட்டோர் பிரிவில்தான் வருவார்கள். ஆனால் கல்வி உதவித்தொகையில் மதம் மாறிய ஆதிதிராவிடர் என்ற தனிச் சலுகை அவர்களுக்கு உண்டு. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு விண்ணப்பத்தில் எஸ்.சி. என்று நிரப்பினால் சரிபார்ப்பில் நின்றுவிடும்.

குடும்பத்தில் இதுவரை ஒருவரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழ் பெற்றுக்கொள்ளுங்கள். கல்விக் கட்டணத்தில் சலுகை பெற அதுவே ஆதாரம். பெற்றோர், உடன்பிறந்தோர் மட்டுமன்றி இரு வழித் தாத்தா பாட்டியரும் பட்டதாரிகளாக இருக்கக் கூடாது. அண்ணனோ அக்காவோ முன்பே இச்சலுகையில் படித்திருந்தால் தம்பி தங்கையருக்குக் கிடைக்காது. சான்றிதழோடு மாணவரும் பெற்றோரும் கையொப்பமிடும் கூட்டு உறுதிமொழிப் படிவமும் தேவை. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்கு இருப்பிடச் சான்றிதழ் தேவைப்படாது. ஆனால் களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கத்தில் வீடு இருந்தும் பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ பள்ளிக்குச் சென்ற பிள்ளைகளும், பெற்றோர் வளைகுடா நாடுகளில் வேலை செய்ததால் அங்கே படித்த பிள்ளைகளும் நம் மாவட்டத்தில் ஏராளம். இவர்கள் இச்சான்றிதழ் இல்லாமல் தமிழ்நாட்டு மாணவர் என்ற உரிமையைக் கோர முடியாது. வெளிநாட்டில் இருக்கும் தந்தையிடமிருந்து ஓர் ஆவணம் வர வேண்டியிருந்தால் அதற்கும் நாள் பிடிக்கும் என்பதை மனத்தில் வையுங்கள்.

இனி, பெயர்ப் பொருத்தம். எல்லாச் சான்றிதழ்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்து, மாணவர் பெயர், தந்தை பெயர், தாய் பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி ஆகிய ஐந்தையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். தந்தையின் பெயர் மதிப்பெண் பட்டியலில் ‘யேசுதாசன்’ என்றும் சாதிச் சான்றிதழில் ‘ஏசுதாஸ்’ என்றும் இருக்கும். ஆங்கில எழுத்தில் வரும்போது முதலெழுத்தே மாறிப்போகும். ஓரிடத்தில் வீட்டுப் பெயர் முன்னே ஒட்டியிருக்கும், மற்றோரிடத்தில் இருக்காது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளதை அடிப்படையாகக் கொண்டு, வருவாய்த் துறைச் சான்றிதழ்களை அதற்கேற்பப் புதிதாக வாங்குவதே எளிய வழி. மதிப்பெண் பட்டியலிலேயே பிழை இருந்தால் தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத் துறைக்கு எழுத வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும்.

மதிப்பெண் கணக்கும் இட ஒதுக்கீடும்

தரவரிசையைத் தீர்மானிக்கும் கட்-ஆஃப் மதிப்பெண் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதத்தில் பெற்றது அப்படியே 100-க்கு. இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கப்பட்டு 50, 50. கணிதத்தில் 92, இயற்பியலில் 85, வேதியியலில் 88 எடுத்தவரின் கட்-ஆஃப் 92 + 42.5 + 44, அதாவது 178.5. இம்மூன்று பாடங்களின் சராசரி பொதுப்பிரிவினருக்கு 45 விழுக்காடும், ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும் இருந்தால் விண்ணப்பிக்கலாம்.

ஒரே கட்-ஆஃப் பலருக்கு வரும்போது முதலில் கணித மதிப்பெண்ணும், அடுத்து இயற்பியல் மதிப்பெண்ணும் பார்க்கப்படும். அப்படியே படிப்படியாகச் சென்று, எல்லாமே ஒன்றாக இருந்தால் இறுதியில், கணினி ஒவ்வொருவருக்கும் குலுக்கல் முறையில் தரும் ரேண்டம் எண் முடிவு செய்யும். விண்ணப்பித்த சில வாரங்களில் வெளியாகும் அந்த எண்ணைப் பார்த்துச் சிலர் கலங்குகிறார்கள். கடைசிச் சமநிலையைத் தீர்ப்பதற்கு மட்டுமே அது பயன்படும், தரத்தைக் குறிப்பதன்று.

மொத்த இடங்களில் பொதுப்பிரிவுக்கு 31 விழுக்காடும், பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, ஆதிதிராவிடருக்கு 15, அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1 விழுக்காடும் உண்டு. மத்திய அரசின் பத்து விழுக்காடு பொருளாதார ஒதுக்கீடு இக்கலந்தாய்வில் இல்லை. ஒதுக்கீட்டுப் பிரிவு மாணவரின் தரவரிசைக்குப் பொது இடத்தில் கிடைக்குமானால் அங்கேயே தரப்படும், அதற்குப் பின்னரே அவரது பிரிவுக்கான இடம் பார்க்கப்படும்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2021 முதல் நடைமுறையில் உள்ளது. இதில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை முழுவதும் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதே அடிப்படை விதி. இங்கேதான் நம் மாவட்டத்தில் வருத்தமான குழப்பம் நேர்கிறது. திருச்சபைகளும் பிற அறக்கட்டளைகளும் நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளிகள் நம் ஊர்களில் மிகுதி. ஊதியம் அரசு தருவதால் அவற்றையும் அரசுப் பள்ளி என்றே மக்கள் எண்ணுகிறார்கள். இந்த ஒதுக்கீட்டில் அவை அடங்கா. ஆறு முதல் எட்டு வரை ஊர்ப் பள்ளியிலும் ஒன்பதிலிருந்து அரசு மேல்நிலைப் பள்ளியிலும் படித்தவர்கள், அந்த ஊர்ப் பள்ளி எந்த வகையைச் சேர்ந்தது என்பதைத் தலைமையாசிரியரிடம் கேட்டு உறுதி செய்த பிறகே படிவத்தில் குறிக்க வேண்டும்.

விண்ணப்பத்தை நிரப்புதல்

விண்ணப்பம் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் பொறியியல் சேர்க்கை இணையதளத்தில் மட்டுமே. பதிவுக் கட்டணம் அண்மை ஆண்டுகளில் 500 ரூபாயாகவும், எஸ்.சி., எஸ்.சி. அருந்ததியர், எஸ்.டி. பிரிவினருக்கு 250 ரூபாயாகவும் இருந்து வருகிறது. பதிவில் தரும் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையவையாகவே இருக்கட்டும். கணினி மையத்தில் நிரப்புவோர் அந்த மையத்தின் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு வந்தால், ஒதுக்கீட்டு நாளன்று ஒரு தகவலும் உங்களை வந்தடையாது. கடவுச்சொல்லை வேறு யாரிடமும், கல்லூரி சார்பில் வீட்டுக்கு வருவோரிடமும்கூட, கொடுக்காதீர்கள். அதைக் கொண்டு உங்கள் விருப்பப் பட்டியலையே மாற்றிவிட முடியும்.

சான்றிதழ்களைப் பதிவேற்றிய பின் அவை அலுவலர்களால் சரிபார்க்கப்படும். குறை இருந்தால் தகவல் வரும். குறித்த தேதிக்குள் சரிசெய்ய வேண்டும். இணைய வசதி இல்லாதோருக்கும் ஐயம் உள்ளோருக்கும் மாவட்டந்தோறும் சேர்க்கை உதவி மையங்கள் உண்டு. அந்த ஆண்டின் மையப் பட்டியல் இணையதளத்தில் இருக்கும். அங்கே கட்டணம் கேட்கமாட்டார்கள், தயங்காமல் செல்லுங்கள். விளையாட்டு வீரர், முன்னாள் படைவீரரின் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கான சிறப்புக் கலந்தாய்வு பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே நடந்துவிடும் என்பதால், அவற்றுக்கான படிவங்களை விண்ணப்பிக்கும்போதே இணைத்துவிட வேண்டும்.

விருப்பப் பட்டியல்

தரவரிசை வெளியான பின் மாணவர்கள் சுற்றுகளாகப் பிரிக்கப்படுவார்கள். தம் சுற்று வந்ததும் கல்லூரியையும் பாடப்பிரிவையும் இணைத்து, விரும்பும் வரிசையில் பட்டியலிட வேண்டும். அதற்குச் சில நாட்களே தரப்படும். எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம், எண்ணிக்கைக்கு வரம்பில்லை.

கணினி எப்படி இடம் ஒதுக்குகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் கவலை தீரும். தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுத்து, அவரது பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக உள்ள முதல் இடத்தை அது கொடுக்கிறது. உங்கள் முறை வரும்போது முதல் விருப்பம் நிரம்பியிருந்தால் இரண்டாவதைப் பார்க்கும், அதுவும் இல்லையென்றால் மூன்றாவதை. கிடைக்காத ஒன்றை மேலே வைத்ததற்காகக் கீழே உள்ளது பறிபோவதில்லை. ஆகவே, “நமக்கு எங்கே கிடைக்கப் போகிறது” என்று எண்ணி, உண்மையில் விரும்பும் கல்லூரியை விட்டுவிடவோ கீழே தள்ளவோ வேண்டாம். அதேபோல, கிடைத்தால் சேரமாட்டோம் என்று தெரிந்த ஒன்றை இடம் நிரப்புவதற்காகச் சேர்க்கவும் வேண்டாம்.

எடுத்துக்காட்டாக, தக்கலையில் வாழும் ஒரு மாணவிக்கு மின்னியல் துறையில் ஆர்வம் என்று வைத்துக்கொள்வோம். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியின் மின்னியல் துறையை முதலிலும், கோணத்தில் உள்ள நாகர்கோவில் பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியின் கணினி அறிவியலை இரண்டாவதாகவும், வீட்டிலிருந்து சென்று வரக்கூடிய சுயநிதிக் கல்லூரி ஒன்றின் மின்னியலை மூன்றாவதாகவும் அவர் வைக்கிறார். இதன் பொருள், மின்னியலில் அவருக்குள்ள ஆர்வத்தைவிட அரசுக் கல்லூரி என்ற சிறப்பும் குறைந்த கட்டணமும் அவருக்கு முக்கியம் என்பதே. அது சரியான முடிவாக இருக்கலாம். ஆனால் துறையே முக்கியம் என்று அவர் எண்ணினால் இரண்டும் மூன்றும் இடம் மாற வேண்டும். துறையா, கல்லூரியா, வீட்டுக்கு அருகிலா, கட்டணமா என்ற கேள்விக்கு வீட்டில் உட்கார்ந்து பேசி விடை கண்ட பிறகே பட்டியலைத் தொடங்குங்கள்.

முந்தைய ஆண்டில் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு பிரிவுக்கும் கடைசியாக இடம் கிடைத்த கட்-ஆஃப் எவ்வளவு என்ற விவரம் இணையதளத்தில் கிடைக்கிறது. அதைக் கொண்டு ஒரு தாளில் மூன்று பகுதிகளாக எழுதிக்கொள்ளுங்கள்: உங்கள் மதிப்பெண்ணைவிடச் சற்று மேலே முடிந்தவை, ஏறக்குறைய அதே அளவில் முடிந்தவை, தெளிவாகக் கீழே முடிந்தவை. மூன்றிலும் போதிய எண்ணிக்கை இருக்க வேண்டும். நான்கைந்து கல்லூரிகளை மட்டும் எழுதிவிட்டு ஒன்றும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்படுவது, தவிர்க்கக்கூடிய இழப்பு. கல்லூரிக் குறியீட்டையும் அதே தாளில் எழுதிவையுங்கள். பெயர் ஒத்த கல்லூரிகள் நம் மாவட்டத்திலேயே உண்டு.

கல்லூரியை மதிப்பிட விளம்பரப் பலகைகளை நம்ப வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டை வெளியிடுகிறது; நீங்கள் விரும்பும் துறைக்குத் தேசிய அங்கீகார வாரியத்தின் (என்.பி.ஏ.) அங்கீகாரம் இருக்கிறதா என்பதையும் பார்க்க முடியும். ஒரு நாள் நேரில் சென்று, மூன்றாம் ஆண்டு மாணவர் இருவரிடம் ஆய்வகம் எப்படி, ஆசிரியர்கள் நிலையாக இருக்கிறார்களா என்று கேளுங்கள். பேருந்துக் கட்டணம் தனியாக எவ்வளவு என்றும் கேட்டு வாருங்கள்.

துறை பற்றி ஒரு சொல். எல்லோரும் கணினி அறிவியலையே எழுதுகிறார்கள். அத்துறையில் உண்மையான ஆர்வம் உள்ளவர்கள் எழுதட்டும். திருவனந்தபுரம் டெக்னோபார்க் நமக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. ஆனால் நம்மைச் சுற்றி முப்பந்தல், ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளும், மணவாளக்குறிச்சி மணல் ஆலையும், மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகமும், கூடங்குளம் அணுமின் நிலையமும், தும்பாவில் விண்வெளி மையமும் இயங்குகின்றன. இவற்றில் மின்னியல், இயந்திரவியல், மின்னணுவியல், வேதிப்பொறியியல் படித்தவர்களுக்கு வேலை உண்டு. இஸ்ரோவின் பொறியாளர் தேர்விலும் இயந்திரவியலும் மின்னணுவியலும் முதன்மைத் துறைகள். இயற்பியலில் மனம் தோயும் பிள்ளையைக் கட்டாயப்படுத்திக் கணினித் துறைக்கு அனுப்புவதை நான் ஏற்பதில்லை.

ஒதுக்கீடு வந்த பின்

முதலில் தற்காலிக ஒதுக்கீடு வரும். அதன் பிறகு குறுகிய அவகாசத்துக்குள் உங்கள் முடிவைப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யத் தவறினால் இடம் போய்விடும் என்பதால், அந்நாட்களில் கைபேசித் தொடர்பு கிடைக்காத இடத்துக்குப் பயணம் வைக்காதீர்கள்.

கிடைத்த இடமே போதும் என்றால் ‘ஏற்றுச் சேர்கிறேன்’ என்ற தெரிவைக் கொடுத்து, உரிய நாளுக்குள் கல்லூரியில் சேர வேண்டும். கிடைத்ததைக் கையில் வைத்துக்கொண்டு மேலே உள்ள விருப்பங்களில் ஏதேனும் காலியானால் அதைத் தருக என்று கேட்பதானால், உதவி மையத்தில் கட்டணம் செலுத்திக் காத்திருக்க வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மேலே உள்ள இடம் ஒதுக்கப்பட்டுவிட்டால் பழைய இடம் தானாகவே போய்விடும். திரும்பப் பெற முடியாது. ஆகவே உங்கள் பட்டியலில் மேலே உள்ள ஒவ்வொன்றும் கீழே கிடைத்ததைவிட உங்களுக்கு உண்மையிலேயே மேலானதாக இருக்க வேண்டும். கிடைத்ததை வேண்டாம் என்று சொல்லி மேலே உள்ளதை மட்டும் எதிர்பார்ப்பதும், அடுத்த சுற்றுக்குச் செல்வதும் உள்ளபடியே துணிகரமானவை. கடைசியில் வெறுங்கையோடு நிற்க நேரலாம். கலந்தாய்விலிருந்து விலகும் தெரிவும் உண்டு. பிளஸ் டூ துணைத் தேர்வில் தேர்ச்சி பெற்றவர்களுக்கும், பொதுக் கலந்தாய்வில் இடம் பெறாதவர்களுக்கும் இறுதியில் துணைக் கலந்தாய்வு நடக்கும்.

பிற வழிகள்

என்.ஐ.டி., ஐ.ஐ.டி. போன்ற மத்திய அரசு நிறுவனங்களுக்கு ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடங்கள் தமிழ்நாட்டு மாணவர்களுக்கானவை. அங்கே பிற்படுத்தப்பட்டோருக்கான ஓ.பி.சி. சான்றிதழ் மத்திய அரசு வடிவத்தில் தனியாக வேண்டும், மாநிலச் சாதிச் சான்றிதழ் செல்லாது. கேரளக் கல்லூரிகளின் சேர்க்கை அம்மாநில நுழைவுத் தேர்வின் வழியே நடக்கிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் நிர்வாக ஒதுக்கீடும் இக்கலந்தாய்வுக்கு வெளியே உள்ளவை. தேர்வு முடிவு வந்த அன்றே “இடம் உறுதி” என்று வருவோரிடம் முன்பணமோ அசல் சான்றிதழோ ஒருபோதும் கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் விதி. பட்டயப் படிப்பு முடித்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்வதற்குத் தனிக் கலந்தாய்வு உண்டு. கட்-ஆஃப் குறைந்தவர்களுக்குக் கோணம் அரசு பாலிடெக்னிக் வழியாகச் செல்லும் அந்தப் பாதையும் தரமானதே.

சேரும் நாளும் பணமும்

கல்லூரியில் சேரும்போது ஒதுக்கீட்டு ஆணை, அசல் சான்றிதழ்கள், அவற்றின் நகல்கள் மூன்று தொகுப்பு, புகைப்படங்கள், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். வங்கிக் கணக்கு மாணவர் பெயரில், ஆதாரோடு இணைக்கப்பட்டதாக இருக்க வேண்டும்; உதவித்தொகைகள் அதில்தான் வரும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் தமிழ்ப் புதல்வன் திட்டமும், அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. 7.5 விழுக்காட்டில் இடம் பெறாத உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் இதையாவது விடாமல் பெற வேண்டும். ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்கு உட்பட்ட ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய ஆதிதிராவிடர் குடும்பங்களின் பிள்ளைகள் மேற்படிப்பு உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழோடு கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கல்விக் கடன் தேவைப்படுவோர் வித்யாலட்சுமி இணையதளத்தில் பதிவு செய்யலாம். பொதுத்துறை வங்கிகளின் மாதிரித் திட்டத்தில் 7.5 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கப்படுவதில்லை. கலந்தாய்வு வழியே சேர்ந்ததற்கான ஒதுக்கீட்டு ஆணையும் கல்லூரி தரும் கட்டண விவரச் சான்றும் கையில் வந்த உடனே, வீட்டுக்கு அருகிலுள்ள வங்கிக் கிளையில் மேலாளரைப் பார்த்து விண்ணப்பத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.